கண்ணாடித் தொட்டியும் கட்டியவர் கடனும்

மனிதர் செய்யும் பொருள்களுள் பெரும்பாலானவை, செய்து முடித்ததும் செய்தவரை விடுவித்துவிடுகின்றன. நாற்காலி செய்த தச்சர் அதை விற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். அது ஆடினால் சரிசெய்து தரலாம். உடைந்தால் வேறொன்று செய்யலாம். நாற்காலிக்கு நோவில்லை, பசியில்லை, அச்சமில்லை. ஆனால் சில பொருள்கள் உண்டு. அவற்றைச் செய்து முடிக்கும் நாளில்தான் செய்தவரின் கடமை தொடங்குகிறது. மீன் வளர்ப்பதற்காக நம் வீட்டில் நாமே கட்டும் கண்ணாடித் தொட்டி அத்தகையது.

ஐந்து கண்ணாடித் துண்டுகளும் ஒரு குழாய்ப் பசையும் கொண்டு ஒரு பிற்பகலில் கட்டிவிடக்கூடிய இச்சிறு பொருளைப் பற்றிச் சிந்திக்க என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். இருக்கிறது என்பதே என் எண்ணம். ஓர் உயிர் வாழ்வதற்கான உலகத்தை அதன் விருப்பத்தைக் கேளாமல் நாம் அமைக்கலாமா? அமைத்தால், அவ்வுயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இவ்வினாக்கள் மீனோடு முடிந்துவிடுவனவும் அல்ல.

கட்டும் முறை

முதலில் வேலையைப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி நடுத்தர வீடுகளுக்கு ஏற்றது. 6 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி வேண்டும். அடித்தகடு ஒன்று, முன்னும் பின்னுமாக இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்கத் தகடுகள் முன் தகட்டுக்கும் பின் தகட்டுக்கும் இடையே நிற்பதால், அவற்றின் அகலம் 30 சென்டிமீட்டர் அன்று; இரு தகடுகளின் கனத்தைக் கழித்து 28.8 சென்டிமீட்டர். இக்கணக்கை மறந்து கண்ணாடிக் கடைக்குச் சென்றவர் மீண்டும் ஒருமுறை செல்ல வேண்டியிருக்கும். கண்ணாடி, நீட்டிக் கொடுக்கும் மரமன்று.

விளிம்புகளைத் தேய்த்து மழுக்க வேண்டும். பசை பிடிக்கும் இடத்தில் விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குகூட இருத்தலாகாது. பின்னர் சிலிக்கோன் பசையை ஒரே கோடாக இட்டு, தகடுகளை நிறுத்தி, நாடா ஒட்டிப் பிடித்துவைக்க வேண்டும். அப்போது காடியின் புளிப்பு மணம் அறையெங்கும் எழும். இவ்வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்தே இறுகுகிறது; இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அம்மணம் அடியோடு அகலும்வரை, அதாவது சில நாட்கள், தொட்டியில் நீர் ஊற்றலாகாது.

குளியலறைக்கென விற்கப்படும் சிலிக்கோன் பசைகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். கண்ணாடியை அவை நன்றாகவே ஒட்டும், நீரையும் ஒழுகவிடா. ஆனால் அந்நீரில் மீன் வாழாது. கட்டியவரின் கண்ணுக்குக் குறையின்றி நிற்கும் தொட்டி, உள்ளே வாழ வேண்டிய உயிருக்கு நஞ்சாக இருக்கக்கூடும். உறுதியாகக் கட்டுதல் வேறு, வாழத் தகுந்ததாகக் கட்டுதல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. இறுகிய பழைய பசையின்மேல் புதிய பசை சரியாகப் பிடிப்பதில்லை. ஒழுகும் தொட்டியைச் செப்பனிட விரும்புகிறவர் ஒழுகும் இடத்தில் மட்டும் மேலே பூசிப் பயனில்லை; பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி தெரியும்வரை துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நீரின் எடை

மேற்கூறிய தொட்டியில் 36 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 61 லிட்டர் கொள்ளும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் மொத்த எடை 80 கிலோவை நெருங்கும். வளர்ந்த மனிதர் ஒருவரை ஒரு சிறு மேசையின்மீது பகலும் இரவும் நிறுத்திவைப்பதற்கு அது ஒப்பாகும். முன் தகட்டின்மீது மட்டும் நீர் தள்ளும் விசை ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமம். பார்க்கும் கண்ணுக்கு இவ்விசை சிறிதும் தெரிவதில்லை. நீர் அசைவற்று, தெளிந்து, ஒன்றுமே நிகழாததுபோல் நிற்கிறது.

நீரின் அழுத்தம் அதன் பரப்பைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது என்று சைமன் ஸ்டீவின் என்னும் அறிஞர் 1586-ஆம் ஆண்டிலேயே காட்டினார். பின்னர் பாஸ்கல் அதை விரித்துரைத்தார். இக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழ அகல நீர் நின்றாலும், அலையற்ற ஒரு பெருங்கடலே நின்றாலும், ஆழம் ஒன்றாயின் அழுத்தமும் ஒன்றே. ஆகவே, இது சிறிய தொட்டிதானே, கவனக்குறைவு பெரிதன்று என்னும் எண்ணத்துக்கு இயற்கை இடந்தருவதில்லை.

காத்திருக்கும் காலம்

தொட்டி கட்டி, நீர் நிரப்பி, ஒழுக்கில்லை என்று கண்டபின் அன்று மாலையே மீன் வாங்கிவந்து விடுவது வழக்கம். எங்கள் பங்கில் கோடை விடுமுறையில் தொட்டி கட்டிய இளைஞர்களும் அதற்கே ஆயத்தமாக இருந்தார்கள். மீன் வளர்ப்பில் பழகிய பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்றார். "தண்ணீர்தான் தெளிவாக இருக்கிறதே ஐயா" என்றான் ஒருவன். அவர் சிரித்துக்கொண்டே, "தெளிவாக இருக்கிறது, உயிர்தான் இன்னும் வரவில்லை" என்று சொல்லி அகன்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. புதிய தொட்டியில் அவை இல்லை. நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவு தூவி, காற்றுக் குழாயை ஓடவிட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருந்தால் மணலிலும் கண்ணாடியிலும் வடிகட்டியிலும் அவை தாமாகவே குடியேறிப் பெருகும். பொறுக்காதவர் விடும் முதல் மீன்கள், தம் கழிவாலேயே மூச்சுத்திணறிச் சாகின்றன. கடைக்காரரைக் குறைசொல்லி வேறு மீன் வாங்கி வருகிறோம். அவையும் சாகின்றன.

குழாய்நீரிலுள்ள குளோரினும் இவ்வாறே. மனிதரை நோயிலிருந்து காக்கக் கலக்கப்படும் அதுவே மீனின் செவுள்களை எரிக்கிறது. நமக்கு நன்மையானது எல்லாம் பிறவுயிர்க்கும் நன்மையாகிவிடாது. நம்மைக்கொண்டு பிறரை அளத்தல் அன்பின் பெயரால் நாம் செய்யும் பிழைகளுள் முதன்மையானது.

உரிமை உண்டா?

இனி அடிப்படை வினாவுக்கு வருவோம். மீனைத் தொட்டியில் அடைத்துவைக்க நமக்கு உரிமை உண்டா?

மீனைப் பிடித்து உண்கிறோமே, அதைவிட வளர்ப்பது மேலன்றோ என்று சிலர் கூறுவர். கடற்கரைப் பங்குகளில் பணியாற்றிய எவரும் மீனவரின் தொழிலைக் குறைத்துப் பேசமாட்டார். ஆனால் இவ்விரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. மீனவர் தேவைக்காக ஓர் உயிரை எடுக்கிறார். அத்துடன் அவ்வுயிரோடு அவருக்குள்ள தொடர்பு முடிகிறது. தொட்டி வைத்திருப்பவர் உயிரை எடுப்பதில்லை. அதன் நாட்களை எடுத்துக்கொள்கிறார். அதன் ஒவ்வொரு நாளும் அவர் கையில் இருக்கிறது. ஆகவே உண்பதில் எழாத ஒரு கடன் வளர்ப்பதில் எழுகிறது.

ஆற்றில் இருந்தால் பெரிய மீன் விழுங்கியிருக்கும், இங்கே பாதுகாப்பாக இருக்கிறது என்று வேறு சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஆற்றில் ஒரு மீன் இறந்தால் அதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர். வெயில் பொறுப்பன்று, வறட்சி பொறுப்பன்று, கொக்கு பொறுப்பன்று. தொட்டியில் இறந்தால் ஒருவர் பொறுப்பாளி. ஏனெனில் ஆறும் மழையும் வெயிலும் செய்துவந்த வேலையை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார். மீனுக்குப் பாதுகாப்புத் தந்தேன் என்று சொல்கிறவர், அதனிடமிருந்து நீந்தி விலகும் வழியை எடுத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடக்கநூலில் மனிதருக்கு ஆளுகை அளிக்கப்படும் இடத்தில் கடல்மீன்களே முதலில் குறிப்பிடப்படுகின்றன. அவ்வாளுகையின் பொருள் என்ன என்பது நெடுங்கால ஆய்வு. விலங்குகளிடம் கொடுமை செய்து பழகியவர் மனிதரிடமும் கொடியவராவார் என்பதை, அக்கொடுமை விலக்கப்பட்டதற்கு ஒரு காரணமாகப் புனித தாமஸ் அக்குவினாஸ் காட்டினார். குருமடத்தில் நாங்கள் பயின்ற இக்காரணம் உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. ஏனெனில் அது மீனைப் பற்றிக் கவலைப்படவில்லை, மனிதரைப் பற்றியே கவலைப்படுகிறது. 2015-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல், ஒவ்வொரு படைப்புக்கும் இறைவன் திருமுன் தனக்கேயுரிய மதிப்பு உண்டு என்பதை அழுத்தமாக எடுத்துரைத்தது. அறிவியலும் இத்திசையிலேயே வந்திருக்கிறது. மீனுக்கு நோவு தெரியாது என்று எளிதாகச் சொல்லிவந்த காலத்தில், லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் உடனுழைத்தவர்களும் 2003-இல் டிரவுட் மீனின் முகத்தில் நோவூட்டும் தூண்டல்களை உணரும் நரம்பமைப்பு இருப்பதைக் காட்டினர்.

அப்படியாயின் தொட்டியே கூடாதா? அப்படியும் நான் கருதவில்லை. அறிதலும் வியத்தலும் மனிதருக்குரிய நன்மைகள். அவற்றுக்கு இக்கண்ணாடி செய்த உதவி சிறிதன்று.

வரலாறு தரும் பாடம்

பிரான்சு நாட்டில் பிறந்து, உடை தைப்பவராக வாழ்வைத் தொடங்கி, சிசிலித் தீவில் மெசினா நகரில் வாழ்ந்தவர் ஜான் வில்பிரு பவர் அம்மையார். கடலில் வாழும் ஆர்கோனாட் என்னும் மெல்லுடலி தன் ஓட்டைத் தானே ஆக்குகிறதா, பிற உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்னும் நெடுநாள் ஐயத்தைத் தீர்க்க, 1832-இல் அவர் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து உயிருள்ள ஆர்கோனாட்டுகளை வளர்த்துப் பார்த்தார். அது தன் ஓட்டைத் தானே ஆக்குகிறது என்று நிறுவினார். இறந்த உடலை அறுத்துப் பார்த்து விடை காண இயலாத வினா அது. உயிரோடு வைத்துப் பொறுமையாகப் பார்த்தவருக்கே விடை கிடைத்தது.

1850-இல் இலண்டனைச் சேர்ந்த வேதியியலார் இராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் நீர்த்தாவரத்தையும் ஒரே தொட்டியில் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதைக் காட்டினார். அழுகும் இலைகளால் நீர் கலங்கியபோது, அவற்றைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. அவலட்சணம் என்று நாம் ஒதுக்கும் நத்தையே அச்சிறு உலகத்தை நிலைநிறுத்தியது.

பின்னர் பிலிப் ஹென்றி கோஸ் வந்தார். ஆழ்ந்த இறைப்பற்றும் இயற்கைமேல் தீராக் காதலும் உடையவர். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1854-இல் அவர் எழுதிய நூல், கடல்வாழ் உயிர்களைத் தொட்டியில் வளர்க்கும் ஆசையை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. படைப்பின் அழகைக் கண்டு மக்கள் படைத்தவரைப் போற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம். விளைந்தது வேறு. கூடைகளும் சாடிகளுமாக மக்கள் கடற்கரைக்குத் திரண்டனர். தலைமுறை தலைமுறையாக எவரும் தொடாதிருந்த பாறைக்குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. இதனைத் தந்தையே கண்டு வருந்தினார் என்று அவர் மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

இது பகைவர் செய்த அழிவன்று, விரும்பியவர்கள் செய்தது. அழகை விரும்பிய ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றை எடுத்துச் சென்றனர். விருப்பம் மட்டும் போதும் என்று எண்ணுகிறவர்கள் அக்குட்டைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாளிலும் இக்கதை தொடர்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் 'மிஸ் கேரளா' என்னும் அழகிய மீன், தொட்டிகளுக்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. ஆனால் எல்லா இடத்திலும் அவ்வாறன்று. பிரேசில் நாட்டின் ரியோ நெக்ரோ ஆற்றில், பார்சலோஸ் வட்டார மக்கள் கார்டினல் டெட்ரா என்னும் சிறுமீனைக் கையால் பிடித்து விற்று வாழ்கின்றனர். அவ்வருவாய் இருப்பதாலேயே காட்டையும் ஆற்றையும் காக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் அலங்கார மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்றுப் பிழைக்கின்றன. ஆகவே 'வாங்காதே' என்று ஒரே சொல்லில் அறம் உரைத்துவிட இயலாது; 'எங்கிருந்து வந்தது என்று கேள்' என்றே உரைக்கலாம்.

விடுதலை என்னும் கைவிடல்

தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், அல்லது சலித்துவிட்டால், அதை ஏரியில் விட்டுவிடுகிறோம். அதை விடுதலை என்றும் சொல்லிக்கொள்கிறோம். தனக்கு அளிக்கப்பட்ட மீனைப் புனித பிரான்சிஸ் அசிசியார் மீண்டும் நீரிலேயே விட்டார் என்னும் வரலாறும் நினைவுக்கு வரும். ஆனால் அவர் விட்டது, எந்த ஏரியிலிருந்து பிடிக்கப்பட்டதோ அதே ஏரியில். தென்னமெரிக்காவிலிருந்து வந்த உறிஞ்சுவாய் மீனை, தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்குகிறோம். விரல் நீளத்தில் வரும் அது முழங்கை நீளம் வளர்கிறது. இடம் போதாமல் ஏரியில் விடுகிறோம். இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீனவர் வலைகளையும் கிழிக்கிறது. விடுதலை என்று நாம் பெயரிட்டது பொறுப்பைக் கைகழுவியதே ஆகும்.

சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீனை வைப்பதையும் இங்கே நினைக்க வேண்டும். இத்தாலியில் மோன்சா நகரம் 2004-இலும் உரோமை நகரம் 2005-இலும் அதனைத் தடைசெய்தன. வேடிக்கையாகப் பேசப்பட்ட சட்டம். ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் வேடிக்கையன்று. தங்கமீன் முறையாகப் பேணப்பட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் ஒன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. கிண்ணத்தில் அது சில மாதங்களில் இறக்கும்போது, 'மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்' என்கிறோம். நாம் குறைத்த ஆயுளை அதன் இயல்பென்று கூறுகிறோம்.

நாம் கட்டும் உலகங்கள்

இவையனைத்தும் மூன்று கடமைகளாகத் தொகுக்கத்தக்கவை. முதலாவது, கட்டும் முன்னரே உள்ளே வாழப்போகிறவரின் தேவையை அறிதல். நம் வசதிக்குக் கட்டிவிட்டு அவரை அதற்குள் பொருத்துவதன்று. இரண்டாவது, உலகம் வாழத்தக்கதாகும்வரை காத்திருத்தல். மூன்றாவது, வெளியேற இயலாத ஒருவரை ஏற்றுக்கொண்டபின், சலித்துவிட்டது என்று கைவிடாதிருத்தல்.

இவற்றை எழுதும்போது என் மனம் தொட்டியை விட்டு அகன்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கு வீட்டை அமைப்பவர் பெற்றோர். மாணவர் விடுதிகளையும் முதியோர் இல்லங்களையும் கருணை இல்லங்களையும் அமைப்பவர்கள் நாம். அவற்றுள் வாழ்கிறவர்கள் எப்போது உண்பது, எப்போது உறங்குவது, யாரோடு பேசுவது என்பவற்றை நாமே முடிவுசெய்கிறோம். சுவர்கள் உறுதியாக இருக்கின்றன. தரை தூய்மையாக இருக்கிறது. பார்வையிட வருவோர் பாராட்டிச் செல்கின்றனர். தெளிந்த நீர் வாழத்தக்க நீரா என்பது வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஒரு முதியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், 'வயதானால் அப்படித்தான்' என்கிறோம். ஒரு சிறுவன் சோர்ந்து ஒடுங்கினால், 'அவன் இயல்பே அது' என்கிறோம். கிண்ணத்து மீனைப் பற்றிச் சொன்ன அதே சொல்தான்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மீனால் நம்மிடம் எதையும் சொல்ல இயலாது. ஆகவே நீரைச் சோதித்துப் பார்க்கிறோம். மனிதரால் சொல்ல இயலும். கேட்க வேண்டியது ஒன்றே நம் வேலை. அந்த எளிய வேலையைத்தான் நம் இல்லங்கள் பலவற்றில் மிகக் குறைவாகச் செய்கிறோம்.

விடுமுறையில் தொட்டி கட்ட விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அளவெடுக்கவும் விளிம்பு தேய்க்கவும் பசையிடவும் அவர்கள் கற்கட்டும். கட்டி முடித்தபின், ஒரு மாதம் மீனில்லாத நீரை நாள்தோறும் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளையின் கையில் மீனைக் கொடுக்கலாம். நாளை, மீனைவிடப் பெரிய பொறுப்புகளையும் நம்பிக் கொடுக்கலாம்.